நான் மாற்றி வைத்த ஜெட்

தணிகை,

கல்யாணத்துக்கு ஊரில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதி, படம் எடுத்து உனக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஒரே ஒரு பெயரை மட்டும் அடித்து நீ திருப்பி அனுப்பினாய். லேத் பட்டறை தேவசகாயம். பக்கத்தில் "இவர் வேண்டாம்ப்பா" என்று எழுதியிருந்தாய். சாயந்திரம் போனில் பேசும்போது இன்னொன்றும் சொன்னாய். ஷெட்டில் கிடக்கும் வண்டியை இரண்டு பேர் உட்காரும்படி மாற்றப் போகிறாய், தாலி கட்டிய பிறகு மலைக்கோயிலிலிருந்து நீயும் கயல்விழியும் அதில்தான் இறங்கப் போகிறீர்கள், அதனால் சிலிண்டரைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும், அந்த ஆள் கையில் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. நான் "சரிப்பா" என்றேன். நான்கு வருடமாக இந்த விஷயத்தில் நீ எது சொன்னாலும் சரிப்பா என்றுதான் சொல்லி வருகிறேன். 

சுற்றி வளைத்து எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பொன்பாடி தாண்டி உன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிப் பிடித்துக்கொண்டதற்குத் தேவசகாயம் காரணம் இல்லை. நான்தான் காரணம். அவர் கையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கித்தான் எழுதப் போகிறேன். கயல்விழியும் இதைப் படிக்க வேண்டும். எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வருவது அந்தப் பெண்ணின் உரிமை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன் என்பது உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவதை நீயும் அம்மாவும் கேலி செய்வீர்கள். ஆனால் இந்தப் பயத்தால் நான் திருட்டுத்தனமாகச் சில காரியங்கள் செய்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ ஏழாவது படிக்கும்போது உன் சைக்கிள் அடிக்கடி காற்று இறங்கிக் கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பைபாஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பள்ளிக்கூடம் வருவதை ஒருநாள் பார்த்துவிட்டேன். "பைபாஸில் போகாதே" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, காலையில் நீ எழுவதற்கு முன் வால்வைத் திருகிக் காற்றை இறக்கிவிட்டேன். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியே, உங்க வூட்டுல எதுனா பேய் கீதா?" என்று உன்னைக் கேட்டதாக நீ வந்து சொன்னாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது யோசித்தால், பின்னால் செய்ததற்கு அங்கேதான் பழகிக்கொண்டேன் என்று தோன்றுகிறது.

நீ ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாரக் கடைசியில் ரயில் ஏறி வந்து, பின்கட்டுத் தகர ஷெட்டில் அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தபோது நான் மனதுக்குள் நடுங்கினேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சோளிங்கரில் ஒரு பால்காரர் இருபது வருடம் கேன் கட்டி ஓட்டிய பைக்கிலிருந்து எடுத்த முந்நூற்றைம்பது சிசி எஞ்சின். தண்ணீர் கிடையாது, விசிறி கிடையாது, ஓடுகிற ஓட்டத்தில் மேலே படும் காற்றுதான் அதைக் குளிர வைக்கும் என்று நீ விளக்கினாய். அதிகக் காற்று உள்ளே போகும்படி அதன் உள்வழியைத் தேய்த்து மெருகேற்றினாய், கேம் மாற்றினாய், பெரிய கார்புரேட்டர் போட்டாய். பிறகு அதைச் சுற்றி நீயே ஒரு சேஸ் வளைத்துக் கட்டினாய். ஒருவர் மட்டும் உட்காரும் சீட்டைப் பார்த்து உன் அம்மா கேட்டாள்: "ஏன்டா, கட்டிக்கினு வர்றவ எங்க உக்காருவா? டேங்கு மேலயா?" நீ, "அவ அவ வண்டியில வரட்டும்மா" என்றாய். "ஆங், வருவா வருவா. நீ இப்பிடியே நட்டு பொறுக்கிக்கினு கெட" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கும் நீ ஒரு வேலை கொடுத்தாய். "அப்பா, நீங்க எழுதி வெச்சா ஒரு வாஷர் கூட காணாமப் போவாது" என்றாய். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டினேன். இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராக ஆய்வகக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும். உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அந்தச் சனி, ஞாயிறுகள்தான் நாம் இருவரும் அதிகம் பேசிக்கொண்ட நாட்கள்.

சிலிண்டரின் தேய்ந்த உள்சுவரைக் கடைந்து, அதாவது 'போர்' அடித்து, சரிசெய்ய அரக்கோணம் ரோட்டில் தேவசகாயத்திடம் கொண்டு போனோம். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தினி வருஷம் பால் சொமந்த எஞ்சின் நைனா இது. இதுக்கு ரிட்டையர்மென்ட்டே கெடையாதா? சாருக்கே குடுத்துட்டாங்களே!" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று நீங்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினீர்கள். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "புக்குல இன்னா வேணா போட்டுக்கட்டும். நம்மூர் வெயிலு புக்கு எழுதனவனுக்குத் தெரியாது. நாலரை தௌ வுடறேன். கொஞ்சம் சத்தம் வந்தா வரட்டும், ஜாம் ஆவாது." ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் நாலரைப் பங்கு. அதை அவர் மூன்று இடத்தில் அளந்து, சிலேட்டில் எழுதி, என்னிடமும் காட்டினார். நான் என் நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு வருடமாக அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

வண்டி ஓட ஆரம்பித்ததும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டை நீ மாற்றி மாற்றிப் பார்த்தாய். பட்டாணி அளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளை. பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குள் போகும். துளையின் அளவு எண்ணாக அதன் தலையில் பொறித்திருக்கும். அந்த எஞ்சினோடு வந்தது தொண்ணூறு. நீ படிப்படியாக ஏற்றி நூற்றுப் பதினைந்தில் நிறுத்தினாய். ஒவ்வொரு முறையும் ஒரு ஓட்டம் ஓடி வந்து, பெட்ரோல் அளவு சரியா என்று பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பாய். கடைசியில் அது பிஸ்கட் நிறத்துக்கு வந்தபோது கையை உயர்த்தினாய். பிறகு பொன்பாடி வரை போய் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாய்: "நூத்திப் பத்துல போச்சுப்பா!" நீ சொன்ன நூற்றுப் பத்து வேகம். என் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.

அடுத்த ஞாயிறு மலைமேல் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு நேராகத் திருப்பதி போவதாகத் திட்டம். அந்த வாரம் முழுவதும் நகரி ரோட்டின் ஒவ்வொரு வளைவும் என் கண்ணில் நின்றது. சனிக்கிழமை மத்தியானம் நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாய். அம்மா படுத்திருந்தாள். நான் ஷெட்டுக்குப் போய், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, நூற்றுப் பதினைந்தை எடுத்துவிட்டு, பழைய தொண்ணூறை மாட்டினேன். நீ எத்தனையோ முறை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே. தொண்ணூறு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. நானே சீட்டு ஒட்டியது.

என் கணக்கு இதுதான்: கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஜெட் அது, அதனால் ஆபத்து வராது. துளை சிறியது, பெட்ரோல் குறைவாகப் போகும். பெட்ரோல் குறைந்தால் தீ குறையும், வேகமும் குறையும். அடுப்பைச் சிம்மில் வைப்பது போல. எரிதல் பாடத்தை இருபத்தொன்பது வருடம் நடத்தியவன் இப்படி யோசித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? உள்ளே போகும் காற்றை நீ அதிகமாக்கிவிட்டாய், அதற்கு ஈடாகப் பெட்ரோலும் அதிகமாக வேண்டும், குறைந்தால் எஞ்சின் கூடுதலாகக் கொதிக்கும், தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு அந்தப் பெட்ரோலும் ஒரு குளிர்ச்சி. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். கேட்கக் கூடாது என்பதுதானே என் திட்டமே.

ஞாயிறு காலை மலைமேல் குருக்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கை கூப்பி நின்றேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. நீ ஹெல்மெட்டை மாட்டும்போது, "ஏறி வரும்போது பிக்கப் கொஞ்சம் கம்மியா இருந்த மாதிரி இருக்குப்பா" என்றாய். நான், "மலை ஏறின எஞ்சின், அப்படித்தான் இருக்கும்" என்றேன். நீ தலையாட்டினாய். அந்தப் பிக்கப்பைத் தேடித்தான் சமவெளியில் கைப்பிடியை முழுக்கத் திருகியிருப்பாய்.

பொன்பாடி தாண்டி எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பட்டென்று கிளட்சைப் பிடித்ததால் உயிரோடு இருக்கிறாய். கீழே விழுந்து தோள் எலும்பு முறிந்து நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். உனக்கு மாற்றுத் துணி எடுக்க வந்த நான் ஷெட்டில் உன் குறிப்பு நோட்டைப் பார்த்தேன். சிவப்பு மையில் நீ எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய்: "115-க்குக் கீழே போகவே கூடாது. பிஸ்டன் பிடிக்கும்." அதை இரண்டு முறை படித்தேன். பிறகு, லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்த வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றி, தொண்ணூறை எடுத்து டப்பாவில் போட்டு, நூற்றுப் பதினைந்தைத் திரும்ப மாட்டினேன். முதல் தடவை செய்தது அறியாமை என்றாவது சொல்லலாம். இரண்டாவது தடவை செய்ததற்கு என்னிடம் எந்தப் பெயரும் இல்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. உன் கட்டு பிரிப்பதற்கு முன்பே, கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீ பட்டறைக்கு வந்தாயே, அன்றைக்கு நடந்தது. தேவசகாயம் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறிக் கிழித்திருந்தது. இனி எதையும் அளக்க முடியாது. அவர் ஜெட்டைப் பார்த்தார், நூற்றுப் பதினைந்து. சரிதான் என்று வைத்துவிட்டுப் பிளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ பிஸ்டனையே வெறித்துக்கொண்டிருந்தாய். அவர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. இது இன்னா சார் இப்பிடி வெள்ளையா கீது? பெட்ரோல் பத்தாத மாதிரி?" என்று கேட்டார். உண்மை அவர் கையில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை பாக்கி. நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "புதுப் பிளக், அதிகம் ஓடல. அதனால நிறம் ஏறியிருக்காது" என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர் அவர். "ஆங், இருக்கும்" என்று அதைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் நீ கத்தினாய். "நாலரை தௌ வுடறேன்னு சொல்லிட்டு மூணு கூட வுடலியேண்ணே! நான் செத்துப் போயிருந்தா எங்கப்பா மூஞ்சிய எப்பிடிப் பாத்திருப்பீங்க?" வாசலில் வண்டி வேலைக்கு வந்த ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தேவசகாயம், "அளந்துதான் நைனா வுட்டேன்" என்றார். பிறகு பிஸ்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆனா மெஷினு பொய் சொல்லாதே. என் கைதான் தப்பு பண்ணிருக்கும். மன்னிச்சிடு" என்றார். என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டும் சொன்னார், "சார், நீங்களும் மன்னிச்சிடுங்க." நான் "பரவாயில்லை" என்றேன். தணிகை, அந்தப் "பரவாயில்லை" என்னைத் தூங்கவிட்டதில்லை.

அதற்குப் பிறகு அரக்கோணம், சோளிங்கர் பக்கத்துப் பையன்கள் அவரிடம் சிலிண்டர் கொண்டு வருவது நின்றது. இப்போது அவர் கிரில் கேட்டும் கரும்பு ஜூஸ் மெஷினுக்கு ரோலரும் செய்கிறார். நான் அந்த ரோட்டில் போவதையே விட்டேன். ரேஷனுக்குப் போகக்கூடச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன்.

நீ பெயரை அடித்து அனுப்பிய மறுநாள் காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டாள்.  மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "சாரு சாருன்னு ஊரே எழுந்து நிக்குது. அந்த மனுசன் உங்களக் கும்புட்டாரு. வாங்கிக்கினு வந்து நிக்கிறீங்க."  சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

தேவசகாயம் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "வாங்க சார், தம்பிக்குக் கல்யாணமாமே? கேள்விப்பட்டேன்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பத்திரிகை வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.  முடித்ததும் அவர், "தொண்ணூறா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "அதான் வெள்ளை" என்றார். வெல்டிங் முகமூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனக்கென்று இல்லாமல் சொல்வது போலச் சொன்னார்.

"அன்னிக்கு வூட்டுக்குப் போயி என் கேஜை எடுத்து அளந்து பாத்தேன் சார். சரியாத்தான் காட்டிச்சி. அப்ப கேஜ் தப்புன்னு நெனச்சிக்கினு புதுசு ஒண்ணு வாங்கனேன். அதுவும் அதேதான் காட்டிச்சி. சரி, கண்ணுதான் போயிடுச்சின்னு டாக்டருகிட்ட போனேன். அவரு, கண்ணு நல்லா கீதுன்னுட்டாரு. அப்ப கைதான்னு முடிவு பண்ணிக்கினேன். கைய யார்கிட்ட காட்டறது? வுட்டுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் "மன்னிச்சிடுங்க" என்றேன். அவர், "தம்பிக்குத் தெரியுமா?" என்றார். "இல்லை" என்றேன். "அப்ப அவருகிட்டதான் சார் மொதல்ல சொல்லணும். தோளு ஒடைஞ்சது அவருக்கு" என்று சொல்லிவிட்டு, முகமூடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். தன் பிழைப்பைக் கெடுத்தவன் முன்னால் நிற்கும்போதும் அவர் நினைத்தது உன் தோளைப் பற்றி.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். அந்தத் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், எடுத்துக்கொள். கயல்விழி வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்பாள், அல்லது நீ நினைக்காத ஏதாவது ஒன்றைச் செய்ய ஆசைப்படுவாள். உனக்குப் பயமாக இருக்கும். பயமாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சண்டை வந்தால் வரட்டும். அவளுக்குத் தெரியாமல், அவள் நல்லதுக்கு என்று எதையும் கழற்றாதே, எதையும் மாட்டாதே. பாசம் என்று நானும் பெயர் வைத்திருந்தேன். உன்னை ஓட்டத் தெரிந்தவன் என்று நான் மதிக்கவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

என்னை என்ன செய்வது என்பதை நீ முடிவு செய். பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. கல்யாணத்தில் நான் எங்கே நிற்க வேண்டும், நிற்க வேண்டுமா என்பதையும் சொல், அதன்படி நடக்கிறேன். தேவசகாயத்திடம் நீ போவதும் உன் விருப்பம். அவரை நான் அழைக்கவில்லை. அழைக்கிற வாய் என்னுடையதாக இருந்தால் அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

என் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் பட்டறை எதிரே டீக்கடையில் வண்டிக்காரப் பையன்கள் கூடுவார்கள். அன்றைக்கு நீ கத்தியதைக் கேட்டவர்களும் அதில் இருப்பார்கள், எனக்கு முகம் தெரியும், இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். தொண்ணூறாம் எண் ஜெட்டையும், நாலரை தௌ என்று குறித்த என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், நடந்ததை அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். வகுப்பறைக்கு வெளியே நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.  சனிக்கிழமை எனக்கு ஜுரம் வரும், போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும், என்னை எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நாளும் நேரமும் போட்டு உனக்கு எழுதுகிறேன். போனில் சொல்லியிருந்தால் மழுப்பியிருப்பேன். இதை இப்போதே கொண்டு போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு நான் போகாமல் இருக்க முடியாது.

அப்பா